இருபத்து மூன்றாவது பாகம் நீதான், தம்பி

வியாழக்கிழமை, மத்தியானம்.

என் கூடப்பிறந்த தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் இரண்டு முட்டிகளில் இடது முட்டியும், மகனும் மருமகளும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதினேழு வருஷமாகப் பேசாதவள் எதற்கு எழுதுகிறாள் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாய். சமாதானத்துக்கு என்று நினைத்துவிடாதே. உன்னிடம் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னது வாய்தான், கை அப்படி எதுவும் சொல்லவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஐந்தாவதோடு நின்றதே உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். அதை இப்போது இழுக்கவில்லை.

விஷயம் உன் மச்சானுடைய மோட்டார் சைக்கிள். அவர் போய் ஒன்பது வருஷம். வண்டியும் ஒன்பது வருஷமாகச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான் யாரையும் விற்கவும் விடவில்லை, தொடவும் விடவில்லை. இப்போது மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் ரத்தம் எடுத்து, எட்டரைக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை, திங்கட்கிழமை வண்டியோடு வா என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் என் அடுப்படியில் நின்றவளுக்கு முதல் தடவையாக அவள் பேர் போட்டு ஒரு கடுதாசி வந்திருக்கிறது. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், நான் பார்த்தேன். என் மகனோ, அந்த வண்டி இனிமேல் ஓடாது, இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொன்று, சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் கிளம்பாவிட்டால் ஞாயிறு சாயந்திரம் பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார், சொல்லிவைத்துவிட்டேன் என்கிறான். மருமகள் எழுந்தாள். போய்த் தார்ப்பாயை உருவினாள்.

வாசலில் ஜல்லி கொட்டியிருக்கிறது, ஒரு திருகாணி விழுந்தால் அத்தோடு போச்சு, அதனால் கூடத்துக்குள்தான் பிரிக்க வேண்டும் என்றாள். அப்பாவுடைய வண்டிப் பட்டறையில் வளர்ந்தவள், கைக்கு அந்த வேலை தெரியும். உள்ளே தள்ளும்போது கைப்பிடி கதவு நிலையில் மாட்டிக்கொண்டு, நான் உள்ளே, அவள் வெளியே, நடுவில் வண்டி என்று அரை மணி நேரம் நின்றோம். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து என்னிடம் ஜன்னல் வழியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் எப்படியோ வந்து சேர்ந்தது. கூடம் முழுக்கப் பெட்ரோல் வாடை. எனக்கு வந்த கோபத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் பின்னால் டக்கென்று ஒரு சத்தம் கேட்டால் கழுத்து திரும்பாமல் இருக்குமா சொல்லு. அது என்ன என்று கேட்டேன். ஏர் ஃபில்டர், அத்தை, வண்டிக்கு மூக்கு என்றாள். மூக்குக்குள்ளே எலி கூடு கட்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் சுவரைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவள், உன் மச்சான் முதுகைத் தவிர எதைக் கண்டேன். உள்ளே இத்தனை இருக்கும் என்று யாருக்குத் தெரியும். இது எதுக்கு, அது எதுக்கு, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியே அவள் தொண்டை வற்றிப்போனது.

கழற்றுகிற வரிசையை மறக்கக்கூடாது என்று அவள் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தாள். கை முழுக்க எண்ணெய்; எடுத்துப் பார்த்தால் எல்லாப் படத்திலும் அவள் கட்டைவிரல்தான் இருக்கிறது. எது எதுக்கப்புறம்னு எனக்கு நினைவு நிக்காதே அத்தை என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு நிற்கும் என்றேன். நிற்பதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். எனக்குக் கெடுதல் செய்தவர்கள் அத்தனை பேரும் வருஷ வாரியாக என் மண்டைக்குள் நிற்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். ஒரு பாகம் கழன்றால் அதற்கு ஒரு ஆளை வைத்துவிட்டேன். முதலில் வந்த டேங்க் போல்ட்டு, என் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய் இன்றுவரை திருப்பித் தராத உன் மச்சானுடைய சித்தி. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதக்கிற மிதவை, என் மூத்த மச்சினர். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் மேலாக மிதந்துவிட்டுப் போய்விடுவார். ஒரு ஸ்பிரிங் இருந்தது, தொட்டதும் எகிறிப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது, அதை என் பெரிய நாத்தனார் என்று வைத்தேன். விளக்குமாற்றுக் குச்சியை விட்டு வெளியே எடுத்தோம். நேரில் அவளை அப்படி எடுக்க எனக்கு வாய்த்ததில்லை. இப்படியே முப்பத்தெட்டுப் பேர். கழற்றும்போது கல்யாணத்தில் தொடங்கிப் போன மாசத்தில் முடித்தேன். மாட்டும்போது போன மாசத்திலிருந்து பின்னோக்கிக் கல்யாணத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான். மருமகள் வாயைப் பிளந்துவிட்டாள்.

இருபத்து மூன்றாவது பாகம் நீ. நடுவில் மயிரிழை போல ஓட்டை உள்ள ஒரு குட்டிப் பித்தளைத் திருகாணி. ஜெட் என்று பேர். அந்த ஓட்டை வழியாகத்தான் மொத்தப் பெட்ரோலும் என்ஜினுக்குப் போகிறதாம். உனக்கு ஏன் அந்த இடம் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு நாளைக்கு என்று வண்டியை வாங்கிப் போனாய். ஐந்தாம் நாள் கொண்டுவந்தாய். வாசலில் நிறுத்தி, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு, உள்ளேகூட வராமல் போனாய். நடுவில் நாலு நாள் உன் மச்சான் வேலைக்கு நடந்து போனார். மறுநாள் துடைக்கும்போது பார்க்கிறார், டேங்கில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அன்றைக்குத்தான் உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்ற அந்த வார்த்தையைச் சொன்னேன்.

இதற்கு நடுவில் மருமகள், பொறி வரவைக்கிற பழைய பாயிண்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வைக்கப் போகிறாளாம். முன்பெல்லாம் இரண்டு துண்டு ஒட்டி ஒட்டிப் பிரிந்தால்தான் பொறி வரும், அடிக்கடி தேய்ந்துபோகும், இது எதையும் தொடாமலேயே சரியான நேரத்தில் தீ மூட்டிவிடும் என்றாள். தொடாமல் எப்படி மூட்டும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பிறகு உன் வீட்டுக்காரி ஞாபகம் வந்தது. முடியும் என்று ஒத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் கேள். நேற்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். மற்ற எல்லாம் கறுத்துக் கிடக்க, நீ மட்டும் பளபளவென்று இருந்தாய். இது அந்தக் காலத்து ஜெட் இல்லை அத்தை, மேலே நம்பர்கூட வேறே, யாரோ புதுசு போட்டிருக்காங்க என்றாள். யார் போட்டிருப்பார்கள். உன் மச்சானுக்குப் பெட்ரோல் ஊற்றவும் துடைக்கவும் தவிர வேறு தெரியாது, மெக்கானிக் யாரையும் கிட்டத்தில் விடமாட்டார். வண்டி இந்த வீட்டை விட்டு வெளியே தங்கியது அந்த ஐந்து நாள்தான். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அதற்கு முன்னால் அந்த வண்டி மேட்டில் ஏறும்போது நாலு இடத்தில் இருமும், நான் இறங்கி நடப்பேன். அந்த வருஷத்துக்குப் பிறகு நான் இறங்கியதே இல்லை. ஐந்து நாள் சும்மா நின்றதில் இளைப்பாறிவிட்டது என்றார் உன் மச்சான். நானும் நம்பினேன்.

மருமகள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ உங்க தம்பி அஞ்சு நாளும் வண்டியைச் சரி பண்ணிட்டு இருந்திருக்காரா அத்தை?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தால், தம்பி, எனக்கு ஒன்றும் நினைவில்லை. உன் மேல் கோபம் போன இடம் தெரியவில்லை, அதோடு உனக்குப் பின்னால் நின்ற பதினைந்து பேரும் போய்விட்டார்கள். ஏனென்றால் அவர்கள் எல்லாரும் உன்னால் வந்தவர்கள். உன் மேல் கோபம் என்பதால் உன் மகள் நிச்சயத்துக்கு நான் வரவில்லை. வராததால் உன் வீட்டுக்காரி கல்யாணத்துக்குக் கடைசி ஆளாக வந்து அழைத்தாள். கடைசியாக அழைத்ததால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வந்த இடத்தில் பெரியம்மா மகன் எனக்கு நாற்காலி போடவில்லை. இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்றாக வந்த வரிசை அது. நீ நல்லவன் என்று ஆனதும் அவர்கள் எல்லாம் எதற்கு என்ன செய்தார்கள் என்றே பிடிபடவில்லை. மாட்ட வேண்டியதோ கடைசியிலிருந்து. அந்தக் கடைசிப் பதினைந்தும் இப்போது பேரில்லாமல் பழைய போர்வையில் கிடக்கின்றன. மருமகள் அவற்றை இப்படி வைத்துப் பார்க்கிறாள், அப்படி வைத்துப் பார்க்கிறாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளையாவது வரிசையில் சேர்த்திருப்பேன்.

அதனால் உள்ளதை உள்ளபடி எழுது. அந்த ஜெட்டை நீ மாற்றியிருந்தால், பிரித்து மாட்டியவன் நீ, வரிசை உனக்குத் தெரிந்திருக்கும், இந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பு. மாற்றவில்லை என்றால் அதையும் எழுது. நான் பழையபடி கோபப்பட்டுக்கொள்வேன், பதினைந்தும் திரும்பி வந்துவிடும், வேலை நடக்கும். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம், சனிக்கிழமைக்குள் வர வேண்டும். இதைப் பால் வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், உன் தெரு வழியாகத்தான் போகிறார், பதிலுக்கு நின்று வாங்கிக்கொள்வார். மாற்றியது நீ என்றால் ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுது. அதை ஜன்னலில் சாவியோடு வைத்துவிட்டுப் போயிருக்கலாமே.

உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். நீயும் இரு. உன் வீட்டுக்காரிக்கு இப்போதைக்குப் பாதி ஆசீர்வாதம், மீதியைப் பதில் பார்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. நேற்றுப் பால் வண்டி வரவில்லை, அதனால் இது என்னிடமே இருந்தது. மேலே எழுதியது எதையும் நம்பாதே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் மகனிடம் மருமகள் அந்த ஜெட்டைக் காட்டி, உங்க மாமா எவ்வளவு நல்லவர் பாருங்க என்றாள். அவன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "அது நான் மாத்தினதும்மா" என்றான். நீ கொண்டுவந்து விட்ட அன்றைக்குச் சாயந்திரம் இவன் எடுத்து ஓட்டியிருக்கிறான், கேட்டில் உரசியிருக்கிறான், கீறல் அவனுடையது. அது தெரியக்கூடாதே என்று வேறு ஏதாவது நல்லது செய்யப் போய், ஜெட் ஓட்டையைக் குண்டூசியால் குத்திக் கெடுத்து, யாருக்கும் தெரியாமல் புதுசு வாங்கிப் போட்டிருக்கிறான். பதினேழு வருஷம் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்றேன். "நீங்க மாமாவைத் திட்டிட்டு இருந்தீங்க, நடுவுல புகுந்து கெடுக்க வேண்டாம்னு இருந்தேன்" என்கிறான்.

ஆக நீ நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. உன்னை எடுத்துவிட்டு இருபத்து மூன்றில் அவனை வைத்தேன். உன் மேல் நான் கோபப்பட்டதே அவனால்தானே. அந்தப் பதினைந்தும் கையைக் கோத்துக்கொண்டு வந்து நின்றன. விடிந்ததும் நான் சொல்லச் சொல்ல மருமகள் மாட்டினாள். ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது. அவள் தெருவை மூன்று சுற்று சுற்றி வந்து இறங்கினாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேர் கையும் ஒரே கறுப்பு. என் மகனே பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான்.

வரிசை எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். அந்த ஐந்து நாள் மட்டும் இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது. வண்டியை எங்கே வைத்திருந்தாய், என்ன செய்தாய் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் தூரமாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மருமகள் சொல்கிறாள், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உன் வீட்டுக்கு ஓட்டு என்று சொல்லிவிட்டேன். பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். வாசலில் நின்று சொல்லு, கேட்டுவிட்டு இறங்குவதா திரும்புவதா என்று பார்க்கிறேன். அதுவரை என்ஜினை அணைக்கக்கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.