ஆல்பா பஸ்ஸுக்கு ஓட மாட்டான்

கோவில்பட்டியில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமலே முப்பது வயதைத் தாண்டிய ஒரே ஆண்மகன் எங்கள் ஆல்பாதான். அவன் அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு மறந்தே போய்விட்டது. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டும் பிரிவு அவன் பொறுப்பு. பக்கத்து மேசையில் பில் போடுகிறவன் நான்.

செல்போனில் கூலிங்கிளாஸ் போட்ட யாரோ பேசுவதைப் பார்த்துப் பார்த்து வந்த நோய் அது. ஆண்கள் இரண்டே ரகமாம். அடக்கி ஆள்கிறவன் ஆல்பா, அடங்கிப் போகிறவன் பீட்டா. மிட்டாய்க்கு ஒட்டிய கையோடு மனிதர்களுக்கும் ஒட்ட ஆரம்பித்தான். முதலாளி ஆல்பா, வீட்டம்மா போன் செய்யும்போது மட்டும் பீட்டா. வாட்ச்மேன் பீட்டா. குடோன் நாய் கொஞ்ச நாள் ஆல்பாவாக இருந்து, ஒரு கோழிக்குப் பயந்து ஓடியதால் பதவி இறக்கப்பட்டது. நான்?

“தப்பா எடுத்துக்கிடாதீய அண்ணாச்சி. நீங்க பீட்டாவுலயே கடைசி ரகம்.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மிட்டாய் பாக்கெட்டுக்கு லேபிள் சரி. உள்ளே இருப்பது கடலையும் வெல்லமும், நாளைக்கும் அதேதான். மனிதன் அப்படியா? காலையில் பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தவன், மத்தியானம் அவள் கட்டிக் கொடுத்த சோற்றைத் திறந்ததும் இளகிப் போகிறான். அவனுக்கு எதை ஒட்டுவது? தவிர, நம்மை ஏற இறங்கப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே பிடிப்பதில்லை.

ஆல்பாவுக்குச் சட்டங்கள் உண்டு. எதையும் கேட்டு வாங்கக் கூடாது. டீக்கடையில் மாஸ்டரை முறைத்துக்கொண்டு நிற்பான். மாஸ்டரும் திருப்பி முறைப்பார். எனக்கு டீ வந்து, நான் குடித்து முடிக்கும்வரை அந்த யுத்தம் நடக்கும். கடைசியில் நான்தான், “அவனுக்கும் ஒண்ணு போடுங்க” என்பேன். எதன் பின்னாலும் ஓடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பஸ் கொஞ்சம் தள்ளி நின்றாலும் அவன் நடையில் மாற்றம் இருக்காது. பஸ் போய்விடும். கரிசல்காட்டு வெயிலில் வீடுவரை கம்பீரமாக நடந்தே போவான்.

ஒருமுறை பாகு காய்ச்சும் பாக்கியம் அக்கா கையில் கொதிக்கிற வெல்லப்பாகு பட்டுவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் ஆல்பாதான்.

“எங் கை எரியுதுன்னு நான் அழவா, இவன் அழுகைய அமத்தவா? டாக்டரு முதல்ல இவன்கிட்டதான் எங்க வலிக்குதுன்னு கேட்டாரு” என்று கட்டுப்போட்ட கையோடு வந்து சொன்னாள் அக்கா. கண்ணில் தூசி விழுந்ததாக ஆல்பா விளக்கம் கொடுத்தான்.

இப்படியிருக்கையில் கடம்பூரில் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. நர்சுக்குப் படித்த பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. “வீட்டுல ஏதோ சொல்லுதாவ, பாப்போம்” என்று அலட்சியமாகக் காட்டினான். அன்று சாயங்காலம்வரை அதே அலட்சியத்தோடு திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தான்.

பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் நைசாக விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். மிட்டாய் வாங்குகிற சாக்கில் பெண்ணின் தாய்மாமன் வந்தார். அவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததில்லை போலும். விசாரிக்க அவருக்கு அகப்பட்ட ஆள் சாட்சாத் ஆல்பாவேதான்.

“தம்பி, இங்கன லேபிள் செக்‌ஷன் பாக்குத பையன் ஆளு எப்படி? எம் மருமவளுக்குக் கேக்காவ.”

ஆல்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“அவரா? அவரு ஆல்பா. யாருக்கும் அடங்க மாட்டாரு.”

“பொண்டாட்டிக்கு?”

“யாருக்கும்னா யாருக்கும்தான்.”

“தப்பு செஞ்சா மன்னிப்பு கேப்பாரா?”

“சரித்திரத்துலயே கிடையாது.”

“எம் மருமவ வேலைக்குப் போவணும்னு நிக்கா. வீட்டுல ரெண்டு சட்டி, ஏனம் கழுவிக் குடுப்பாரா?”

“சிங்கம் ஏனம் கழுவுமா?”

மாமன் மிட்டாயைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “சிங்கத்துக்குப் புள்ளையக் குடுக்க எங்களுக்குத் தெம்பு இல்ல தம்பி. வாரேன்.”

எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஆல்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் வந்தான்.

“எப்படி அண்ணாச்சி நம்ம பேச்சு?”

“பிரமாதம். பொண்ணு இல்லைன்னு சொல்லிட்டுப் போறாரு.”

அவன் போனை எடுத்து அந்தப் போட்டோவை ஒருதரம் பார்த்தான்.

“நான் அப்படி இல்லைன்னு நீங்க போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“நான் கடைசி ரகம்லா. எம் பேச்சு எடுபடுமா?”

அந்த நேரம் பார்த்து கடம்பூர் பஸ் வந்து, மாமனை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

ஆல்பா ஓடினான். ஒரு செருப்பு கம்பெனி வாசலிலேயே கிடந்தது. கையில் இருந்த லேபிள் சுருள் அவிழ்ந்து பின்னாலேயே இழுபட்டது. பஸ்ஸைத் தட்டித் தட்டி, தெருவே கேட்கும்படி கத்தினான்.

“மாமா! மன்னிச்சிருங்க மாமா! நான் ஏனம் கழுவுவேன்! துணியும் துவைப்பேன்!”

கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார். மாமன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“நீ யாரு தம்பி?”

“அந்தச் சிங்கம் நான்தான் மாமா.”

பஸ்ஸே சிரித்தது. மாமன் சிரிக்கவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு வந்திருந்த பாக்கியம் அக்கா, தழும்பு விழுந்த கையைத் தூக்கிக் காட்டினாள்.

“சிங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எங் கையில பாகு பட்டதுக்கு ஊரைக் கூட்டி அழுத புள்ள. பயப்படாமக் குடுங்க.”

மாமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பஸ்ஸைவிட்டு இறங்கினார்.

கல்யாணம் முடிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. இவனும் அங்கேயே வேலை தேடிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டான். எப்போது போன் செய்தாலும், “பருப்பு வேகுது அண்ணாச்சி, பொறவு பேசுதேன்” என்று வைத்துவிடுகிறான். லேபிள் செக்‌ஷனுக்கு இப்போது வேறு ஆள். ரொம்ப நல்லவன். யாரையும் எதுவும் சொல்வதில்லை.

போன வாரம் டீக்கடையில் ஏதோ நினைப்பில், ஒன்றும் கேட்காமல் மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் டீயை நீட்டிக்கொண்டே, “என்ன அண்ணாச்சி, அவனத் தேடுதோ?” என்றார்.

ஆமாம். தேடுகிறது.