பிரெஞ்சுக்காரிக்குப் புளி போட்ட கதை

சும்மா உட்காரத் தெரியாததை ஒரு வியாதி என்று சொன்னால், அது எனக்குப் பிறவியிலேயே உண்டு. கல்யாணமான புதிதில் வந்த சரஸ்வதி பூஜையன்று அது முற்றிப்போய், என்னைக் குடும்பத்தின் நிரந்தரக் கேலிப்பொருளாக்கிவிட்டது.

என் பிறந்த ஊரான வரிச்சிக்குடியிலிருந்து காரைக்காலுக்கு பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் புகுந்த வீட்டுக் கூடத்தில் கால் வைத்தபோது கப்பலேறி எங்கோ வந்துவிட்டதைப் போல இருந்தது எனக்கு. எல்லாம் அலமாரி மேல் இருந்த கடிகாரத்தால்தான். பால் நிறத்தில் ஒரு பளிங்கு மேடை. அதன்மேல் உடம்பெல்லாம் தங்கமாக ஒரு பெண், கடிகாரத்தின் மேல் முழங்கையை ஊன்றிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். புடவை மடிப்பு மாதிரி அவள் உடையில் அத்தனை மடிப்பு. ஒவ்வொரு விரலுக்கும் நகம்கூட இருந்தது. மணி அடித்தால் ஓசை கூடத்தைச் சுற்றிவிட்டு மெதுவாக அடங்கும். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து அத்தை, "உள்ள வாம்மா, பால் பழத்தோட நிக்கிறாங்க" என்றார். (கல்யாணப்பெண் என்பதே மறந்துபோயிருந்தது.)

மாமா, அதாவது என் மாமனார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு நாலு மாடிக்குக் காய்கறிக் கூடையைத் தூக்கிக் கொடுப்பாராம். அந்த மதாம் சாகும்போது கடிகாரத்தை இவருக்கு எழுதிவைத்துவிட்டார். விமானத்தில் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தவர், அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஞாயிறு காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, அவரே சாவி கொடுப்பார்.

என்னோடு அவர் பேசுவது ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. "சாப்டியாம்மா?" அவ்வளவுதான். இந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று அந்த மனிதர் நினைத்துவிட வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

பூஜையன்று காலை மாமாவும் அத்தையும் பொரி, பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு எல்லாவற்றையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து முடித்துவிட்டேன். இன்னும் புளி மிச்சம். நிமிர்ந்து பார்த்தால் அலமாரி மேல் அவள். உடை மடிப்பெல்லாம் கறுப்பு. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மருந்தடிக்கிற மெஷினுக்குக்கூடப் பொட்டு உண்டு. இவளோ இயந்திரத்தின் மேலேயே சாய்ந்திருக்கிறாள், கையில் புத்தகம் வேறு. இவளை அழுக்கோடு விடலாமா?

"என்னங்க, இது பித்தளையா?" என்று என் கணவரைக் கேட்டேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே "ஆமா, அந்த மாதிரிதான்" என்றார்.

வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கை, தோள், கன்னம். தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்ததும் வந்தது பாருங்கள் ஒரு பளபளப்பு! மாமா அசந்துபோவார் என்று நினைத்து உற்சாகமாகத் தேய்த்தேன். மூக்கின் நடுவே வந்தபோதுதான் தற்செயலாக இடது பக்கம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் சாயங்கால வெயில் மாதிரி தங்கம். நான் தேய்த்த பக்கம் பாத்திரக்கடைக் குத்துவிளக்கு. புளித்தண்ணீர் வழிந்த இடத்திலெல்லாம் பளிங்கு வழவழப்புப் போய்ச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சரியாக அப்போது பார்த்துப் பத்து மணி அடித்தது. பத்தும் என்னைத் திட்டுவது போலவே இருந்தது.

கணவர் ஓடிவந்து பார்த்தார். "செல்வி, அது தங்கப் பூச்சுடி."

"நீங்கதான பித்தளன்னீங்க?"

"உள்ள பித்தளதான்."

எத்தனையோ தலைமுறை தாண்டி, கடல் தாண்டி வந்த தங்கம். அதை ஒரு புளி உருண்டையால் பத்தே நிமிஷத்தில் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

பயம் வந்தால் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது! அவளுடைய வலது பக்கம் முழுக்கச் சந்தனத்தை அப்பினேன். நெற்றியில் குங்குமம் வைத்தேன். அதற்குள் பூ வந்துவிட, கழுத்திலிருந்து பாதம் வரை மறைகிற மாதிரி சாமந்தி மாலையைப் போட்டேன். வெளுத்த பளிங்கின் மேல் வாழையிலையை விரித்துப் பொரியைக் கொட்டினேன்.

சூடம் காட்ட வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இத்தன வருஷத்துல இவளுக்கு ஒரு மால போடணும்னு எனக்குத் தோணலியேம்மா. மதாம் பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றார். அன்றுவரை அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மாலையைக் கழற்றினேன். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன். "புளி போட்டுத் தேச்சுட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு விரலால் அவளுடைய வலது கன்னத்தைத் தொட்டார், பிறகு இடது கன்னத்தை. நிமிர்ந்து அறைக்குள் போனார். எனக்கு வரிச்சிக்குடிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் ஓடியது. திரும்பி வந்தவர் கையில் கடிகாரச் சாவி இருந்தது. என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே நீயே சாவி குடு. இதுக்கு மேல நீ கெடுக்க ஒண்ணும் இல்ல."

அன்றிலிருந்து நான்தான் கொடுக்கிறேன். (புளி மட்டும் என் கைக்கு எட்டாத தட்டில் இருக்கிறது.) பழுது பார்க்கலாம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மாமா சம்மதிப்பதில்லை. போன மாதம் பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிப் பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறம் என்று கேட்டார்.

மாமா நாற்காலியில் இருந்தபடியே விரலை நீட்டினார். "இந்தப் பக்கம் பிரான்சு. அந்தப் பக்கம் வரிச்சிக்குடி."