ஊர்வல ஒத்திகை

"நிறுத்துங்கடா! மாதுவோட எடது காலு மறுபடியும் தனியாப் போவுது!"

கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே பெரியவர் சென்றாயன் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. ஆட்ட வாத்தியார் கிருஷ்ணப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒத்திகை நடந்தது பெரியவரின் சாவுக்குத்தான். தன் அப்பாவின் சவ ஊர்வலத்தில் ஆளாளுக்கு இஷ்டப்படி குதித்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. தன் ஊர்வலத்தில் எல்லாக் கால்களும் ஒன்றாக எழ வேண்டும்; அதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவேன் என்றார். பொங்கலைத் தாண்டாது என்று டாக்டரும் கைவிரித்துவிட, பாலக்கோட்டில் நாடகக்காரர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணப்பனை மாரண்டஹள்ளிக்கு அழைத்து வந்தார்கள்.

பொங்கல் போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. வண்டிக்காரன் மாதுவின் கால் மட்டும் வழிக்கு வரவில்லை. சாகக் கிடப்பவரின் கடைசி ஆசை தன்னால் கெடுகிறதே என்று கிருஷ்ணப்பன் உள்ளுக்குள் அழுதார். பெரியவரின் மனைவி ஜானகியம்மாளுக்கோ கோபமே இல்லை. தப்பாக ஆடிய மாதுவுக்குத்தான் முதல் சொம்பு மோர்.

கிருஷ்ணப்பன் மாதுவைப் பின்வரிசைக்குத் தள்ளினார்.

"ஒளிச்சு வெச்சா தெரியாதாய்யா?" என்று பெரியவர் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் அவனை முன்னால் நிறுத்தினார். அவனைப் பார்த்து வரிசை முழுவதும் அடி தப்பியது. பெரியவர் கட்டிலைவிட்டு இறங்கி, தடியை ஊன்றி, தானே ஆடிக் காட்டினார். அன்று இரண்டு உருண்டை களி தின்றார்.

மறுநாள் அவர் உள்ளே சாப்பிடப் போன நேரத்தில் கிருஷ்ணப்பன் கடைசி வித்தையை எடுத்தார்.

"மாது, நீ நடுவுல நில்லு. அடவு கிடவு ஒண்ணும் வேணாம். உன் மனசுக்குத் தோணுனபடி ஆடு. அப்ப எது தப்புன்னு யாரு சொல்ல முடியும்?"

மேளம் எழுந்தது. மாது ஆடினான். கற்றுக்கொடுத்த அத்தனை அடவும் பிசகாமல் வந்தது. கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளேயிருந்து தடிச் சத்தம் கேட்டது. மாதுவின் இடது கால் உடனே வேறு பக்கம் போயிற்று.

கிருஷ்ணப்பன் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார். "அடப்பாவி! தெரிஞ்சேதான் தப்பா ஆடுறியா? ஒரு பெரிய மனுசன் நிம்மதியாப் போவ வேணாமா?"

மாது வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசுங்க வாத்தியாரே. ஆட்டம் சரியா வந்துட்டா அய்யா போயிருவாருன்னு, ஜானகியம்மாதாங்க தெனமும் என்னைத் தப்பா ஆடச் சொல்றாங்க."