வெறிநாயும் விடுதித் தட்டும்

"ஏனுங்க, எங்கண்ணன் தட்டைப் பாருங்க!" என்று மயிலாத்தாள் பள்ளி ஆண்டுமலரை விரித்துக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தம்பிதுரையும் அவளுடைய அண்ணன் வெங்கடபதியும் ஒரே விடுதிப் பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தப் பள்ளியில் இப்போது பழம்பொருள் காப்பகம் ஒன்று திறக்கப் போகிறார்கள். பழைய மாணவர்கள் விடுதியில் சாப்பிட்ட, பெயர் வெட்டிய தட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்களாம். மச்சான் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டார்.

"உங்க தட்டு எங்கீங்க?"

"இருக்குது, இருக்குது" என்றார் தம்பிதுரை.

எங்கே இருக்கிறது? எட்டாம் வகுப்பிலேயே அதைப் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுத் தின்றாயிற்று. சரவணம்பட்டியில் மோட்டார் பம்ப் கடை வைத்து, ஊரே முதலாளி என்று கூப்பிட்டாலும், மனைவியிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை. எதற்கெடுத்தாலும் அண்ணன் புராணம்தான். அலமாரியிலாவது அந்த அண்ணனுக்குச் சமமாக உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை பொத்துக்கொண்டு வந்தது.

பழைய சாமான் கடையில் ஓர் அலுமினியத் தட்டை வாங்கினார். கோட்டைமேட்டில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் பீர் முகம்மதுவிடம் போனார்.

"பாய், தம்பிதுரை, 1957-ன்னு வெட்டிக் குடுங்க."

"செஞ்சுபோடலாமுங்க" என்றார் பீர் முகம்மது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஆனால் எழுத்து மட்டும் புத்தம்புதிதாக மினுங்கியது. மங்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்தார். தட்டு முழுவதுமே பளபளத்தது. வாழ்நாளில் ஒரு பாத்திரமாவது துலக்கியிருந்தால்தானே தெரியும்! கருக்கலாம் என்று அடுப்பில் காட்டினார், நெளிந்தது. நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று சுத்தியலால் தட்டினார். நடுவில் பெரிய சொட்டை விழுந்தது. அதையே பள்ளிக்கு எடுத்துப்போனார்.

"இந்தச் சொட்டை எப்படிங்க வந்துது?" என்று தலைமை ஆசிரியர் ரங்கராஜ் ஆவலாகக் கேட்டார்.

"அதுங்களா... விடுதிக்குள்ள வெறிநாய் பூந்துபோட்டுதுங்க. வெங்கடபதி மேல பாஞ்சுது. இந்தத் தட்டாலதானுங்க அடிச்சுத் தொரத்துனேன்."

சொன்ன பிறகுதான் வெங்கடபதி உயிரோடு இருக்கும் விஷயம் நினைவுக்கு வந்தது.

"அடடா! தெறப்பு விழாவுல நீங்களே மேடையில சொல்லுங்க. வெங்கடபதியும் பக்கத்துல நிக்கட்டும்!"

விழா நாள். மேடையில் வெங்கடபதியையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். தம்பிதுரை நாய் வரைக்கும் எப்படியோ சொல்லிவிட்டார். அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தார். சலவை வேட்டியும் புதுச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார் பீர் முகம்மது.

தொலைந்தோம். மச்சான் மறுக்கப் போகிறான், பாய் குட்டை உடைக்கப் போகிறார், மயிலாத்தாள் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டப் போகிறாள்.

வெங்கடபதியும் முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டென்று மைக்கைப் பிடுங்கி, "ஆமாங்க, நாய்தானுங்க! பெரிய நாய்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

ஒரே கைதட்டல். மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவரைப் பார்த்து அவள் இப்படிப் பூரித்ததே இல்லை. தம்பிதுரைக்கு அழுகையே வந்தது.

கூட்டம் முடிந்ததும் பீர் முகம்மதுவை அலமாரியின் முன்னால் கண்டுபிடித்து, தூணோரமாக இழுத்துப்போனார்.

"பாய், உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். தட்டைப் பத்தி மூச்சு உட்டுறாதீங்க. அங்க இருக்கறதெல்லாம் அசலு. எந்தட்டு ஒண்ணுதான் இப்படின்னு தெரிஞ்சா எம்மானமே போயிருமுங்க!"

பீர் முகம்மது அலமாரியை ஒருமுறை திரும்பிப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

"நான் எதுக்குங்க சொல்றேன்? நான் வெட்டுன தட்டையெல்லாம் ஒண்ணா அடுக்குனா எப்படி இருக்குதுன்னு பாத்துபோட்டுப் போலாம்னு வந்தேன். உங்க மச்சானுதுதானுங்க மொதல்ல வெட்டுனது!"