அந்த வெள்ளைப் புள்ளி விஷயமாக

தென்காசி,
ஆனி மாதம், சாரல் விழும் காலை

அன்புள்ள மாப்பிள்ளை இசக்கிராஜாவுக்கு அத்தான் சொரிமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் ஆனந்தவள்ளியும் சுகம். அருவியில் தண்ணீரும் சுகம். பெங்களூரில் நீயும் நிர்மலாதேவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முப்பிடாதி அம்மன் துணை. நிற்க. நீ வாங்கிக் கொடுத்த போனைக் கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் பெட்டிக்குள் போய்விட்டது.

எங்கள் பழைய குற்றாலம் போட்டோவை நீ பார்த்திருக்கிறாய். கல்யாணமான வருஷத்துச் சாரலில், மெயினருவிக்கு முன்னால், பொழுது சாய்ந்த நேரத்தில், அங்கே காமிராவோடு திரிந்த ஒருவர் எடுத்துத் தபாலில் அனுப்பியது. படம் முழுக்க இருட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான் நாங்கள். அந்தப் புள்ளி உன் அக்காளின் வெள்ளைக்கல் மூக்குத்தி என்பது என் கட்சி. இல்லை, அது என் பல், அன்றைக்கு நான் சிரித்தேன் என்பது அவள் கட்சி. அப்போதுதான் போலீசில் சேர்ந்து விறைப்பாகத் திரிந்தவன் நான், கல்யாணப் படத்திலேயே வாயைத் திறக்காதவன், நாலு பேர் பார்க்க அருவிக்கரையில் பல்லைக் காட்டியிருப்பேனா? அவளானால் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அன்னைக்கு ஒரு நாளாவது எங்கூட சந்தோசமா இருந்தியளே" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அன்று அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலையும் ஈரத்தலையில் வைத்திருந்த கனகாம்பரமும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன, படத்தில்தான் இல்லை. அதனால் அதே இடத்தில், அதே நேரத்தில், ரெண்டு முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்தப் போன் இருட்டிலும் எடுக்கும் என்று நீயும் சொல்லிவிட்டாய்.

முதல் தடங்கல் விளக்கு. அந்தக் காலத்தில் வீட்டில் விளக்கேற்ற என் அம்மா இருந்தாள். இப்போது விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டை விட்டு உன் அக்காள் நகர்வாளா? முன்கூட்டியே ஏற்றிவிட்டு வா என்றால், வெயில் இருக்கும்போது ஏற்றினால் அது விளக்கா என்கிறாள். ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அருவிக்குப் போவதற்குள் கும்மிருட்டு. கடைசியில் அகலையும் திரியையும் எண்ணெய்க் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். குப்பி பஸ்ஸில் கவிழ்ந்து எண்ணெயெல்லாம் என் வேட்டியில்.

அருவி முன்னால் நின்று, கையை நீட்டி, ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். சாரல் பூராவும் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது. ஒரு புள்ளிக்கே நாற்பது வருஷமாக வழக்கு நடக்கிறது, இத்தனைக்கும் நான் எங்கே போவேன்? ஃபிளாஷை அணைத்தால் போன், அசையாமல் இருக்கவும் என்கிறது. அசையாமல் நின்றால், கூட்டத்தை ஒழுங்குபண்ணுகிற போலீஸ்காரர் விசில் ஊதி, "பெரியவரே, நிக்காதீய, நவுந்துகிட்டே இருங்க" என்கிறார். என் டிபார்ட்மெண்டே எனக்கு விசில் ஊதிவிட்டது. நகர்ந்ததில் உன் அக்காளுக்கு ரெண்டு தலை. சரியென்று ஒரு லாட்ஜ் வராந்தாவில் ஒதுங்கி, அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற பேச்சிராஜிடம் போனைக் கொடுத்தேன். அவர் விரல் லென்சில் பட்டதில் படமெல்லாம் கலங்கல். அதற்குள் விளக்கு வைக்கிற நேரம் தப்பப் போகிறது என்று உன் அக்காள் பதற, பேச்சிராஜ் தன் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினார். நல்லெண்ணெய்தானா என்று இவள் விசாரிக்கிறாள். "நல்லெண்ணெதான் தாயி. இன்னும் யாரு முதுகுலயும் படல" என்றார் அவர். வராந்தாச் சுவரில் அகலை வைத்து ஏற்றிக் கும்பிட்டாள். என் வேட்டிதான் எண்ணெயாயிற்றே, அவள் முந்தானையில் லென்சைத் துடைத்துக் கொடுத்தேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் பேச்சிராஜ் எடுத்தார்.

நரைத்த தலையும் மூக்குத்தியுமாக உன் அக்காள் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறாள். பக்கத்தில் நான் நின்ற இடம் இருட்டு. அன்றைக்கும் இருட்டு, இன்றைக்கும் இருட்டு என்றால் எனக்கு எதற்கு இந்தப் போன்? அதோடு, இந்தப் படம் எடுத்த சாயங்காலம் முழுக்க நான் கோபமாகத்தான் இருந்தேன் என்பதையும் தெரிந்துகொள்.

சார்ஜரைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் நன்றாகப் படித்து, மழையில் நனையாமல், தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சொரிமுத்து,
தலைமைக் காவலர் (ஓய்வு)

பி.கு.: கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அக்காள் பெட்டியைப் பிரித்து, படத்தை விரலால் பெரிதாக்கினாள். மூக்குத்தி அவள் மூக்கில்தான் இருக்கிறது. பக்கத்து இருட்டில், என் முகம் இருக்க வேண்டிய உயரத்தில், தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இது பல்செட், என் பல்லே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "செட்டா இருந்தா என்ன, சிரிச்சது நீங்கதான" என்றாள். கடிதத்தை மட்டும் தபாலில் போடுகிறேன், போனை எதிர்பார்க்காதே. அந்தப் பழைய புள்ளியும் என் பல்தான் மாப்பிள்ளை. அன்றைக்கு நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.