பாக்கெட் அண்ணனின் ஏழு கிலோ

விமானக் கம்பெனிகளிடம் தோற்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மலேசியாவில், ஈப்போ ஜெலாப்பாங்கில், எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். பெயர் பாக்கெட் அண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கும் குடிநுழைவு அதிகாரிக்கும் மட்டும் தெரியும்.

திருச்சிக்குப் போகிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலிவு டிக்கெட்டில் கையோடு கொண்டு போகும் சாமானுக்கு ஏழு கிலோ. அதற்கு மேல் ஒரு சோப்புக் கட்டி இருந்தாலும் தகராறு. கோலாலம்பூர் விமான நிலையத்தில் பக்கத்துக் கேட்டைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பெரிய நகரத்துக்குப் போகிற கூட்டம். ஆளுக்கு ஒரு பெட்டி, முதுகில் ஒரு மூட்டை, கழுத்தில் தலையணை, கையில் காப்பி. யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. திருச்சி கேட்டில் மட்டும் வாசலிலேயே தராசு. நம் மூஞ்சியைப் பார்த்தாலே அவர்களுக்கு எடை போடத் தோன்றுகிறது. கேட்டால் ரூல்ஸ் என்பார்கள். நல்ல ரூல்ஸ், ஆள் பார்த்து வருகிறது.

இந்த ரூல்ஸில் பாக்கெட் அண்ணன் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். பையை எடை போடுவார்கள், ஆளை எடை போட மாட்டார்கள். லாரிக்குப் படுதா தைக்கும் ஒரு சீனரிடம் போய் அதே படுதாத் துணியில் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டார். உள்ளே பாக்கெட், வெளியே பாக்கெட், கைக்குள் பாக்கெட், முதுகில் ஒரு தலையணை நுழைகிற அளவுக்கு ஒரு பாக்கெட். தைத்து முடித்த சீனர், "இது சட்டையா, அலமாரியா?" என்று மலாய் மொழியில் கேட்டாராம். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஈப்போ வெயிலில் அந்த ஜாக்கெட்டோடு அவர் பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டும். கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விறைத்து நிற்கும். குனிய முடியாது, திரும்ப முடியாது. என் மனைவியின் ஊர் லால்குடி பக்கம் என்பதால் வருஷா வருஷம் நானும் அதே விமானத்தில் போவேன். எனக்கு எப்போதும் அவர் பக்கத்து இடம்தான் வாய்க்கும். அவருடைய இடது பாக்கெட்டில் இருக்கும் மீன் டின் நாலு மணி நேரம் என் விலாவில் குத்திக்கொண்டே வரும். "கொஞ்சம் நவுந்து உக்காருங்கண்ணே" என்றால், "நான் நவுந்துதான் இருக்கேன் தம்பி, சாமான்தான் நவுரல" என்பார்.

அதில் அவருடைய சாமான் பாதிதான். எங்கள் ஃப்ளாட்டில் ஒருவர் திருச்சிக்கு டிக்கெட் போட்டார் என்று தெரிந்தால் போதும், பிளாஸ்டிக் பையோடு வரிசை கட்டிவிடுவார்கள். நாம் போகிறோம் என்பதே அவர்களுக்காகத்தான் என்ற நினைப்பு. அதிலும் இரண்டாவது மாடியில் பாகான் டத்தோ அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அந்த ஊர்க்காரர் என்பதால் அந்தப் பெயர். ஒரு முறை அவர் தேங்காய் கொண்டு வந்தார்.

"சின்ன பார்சல்தான்லா அண்ணே. என் நாத்தனா மகன் திருச்சி ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்."

"இந்தியாவுல தேங்கா இல்லியா?"

"இது எங்க ஊரு தேங்காண்ணே."

"ஏன், உங்க ஊரு தேங்காவுக்கு மட்டும் பாஸ்போர்ட்டு இருக்கா? எடுத்துட்டுப் போங்கலா!"

அண்ணன் வாசலில் மீன்காரர் தராசு ஒன்று தொங்கவிட்டிருந்தார். யார் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, எடை போட்டு, திட்டி, அதற்கப்புறம்தான் வாங்குவார். "பிடிபட்டா ஜெயிலுக்குப் போறது நான். நீங்க 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு அடுத்த ஆளைத் தேடுவீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவர்கள் சிரித்துக்கொண்டே பையை நீட்டுவார்கள். திட்டு வாங்கினால் பார்சல் போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விமானத்துக்குள் அவர் இன்னும் மோசம். விமானிக்கு அடுத்த பொறுப்பு தனக்குத்தான் என்று நினைப்பு. இருக்கையைச் சாய்த்தவன் தலையைப் பின்னாலிருந்து தட்டி எழுப்புவார். மேல் தட்டில் அடுத்தவன் பையை நசுக்கினால் சண்டை. ஆனால் அவருக்கு நிஜமாகவே ரத்தம் கொதிப்பது சக்கரம் தரையைத் தொடும்போதுதான். நம் ஆட்களைத்தான் தெரியுமே. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டப் டப் என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடுவழியில் நிற்பார்கள். அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவார்.

"உக்காருங்கலா! கதவே தொறக்கல, எங்க போறீங்க? றெக்க மேல ஏறி நடக்கப் போறீங்களா? உங்களாலதான் நம்மள எவனும் மதிக்க மாட்டேங்கிறான்!"

பணிப்பெண் சொன்னால் உட்காராதவர்கள் அவர் கத்தினால் உட்காருவார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், தங்கைக்கு. இருவரும் சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தாய் இல்லாத பிள்ளைகள். குடியுரிமை இல்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தபோது, பால் மரம் வெட்டியே முதுகு வளைந்த அப்பாவை இந்தியாவுக்குக் கப்பலேறச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது, அத்தையோடு இங்கேயே நின்றுவிட்டார். தங்கை பாக்கியத்துக்கு யாரும் எடுத்து வைக்கவில்லை, அப்பாவோடு அவளும் கப்பலேறினாள். பையன் இந்த நாட்டுப் பிள்ளை, அதே லயத்து வீட்டில், அதே பாயில் பிறந்த பெண் அந்த நாட்டுப் பிள்ளை. இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் எவனோ, நன்றாக இருக்கட்டும்.

ஒரு முறை கேட்டில் தராசைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "அன்னிக்குக் கப்பல்ல எவ்ளோ வேணும்னாலும் ஏத்திக்கலாம் தம்பி. ஏத்தத்தான் எங்ககிட்ட ஒண்ணுமில்ல. ஒரு தகரப் பெட்டி, அதுவும் பாதிக் காலி. இன்னிக்குக் கொடுக்க இருக்கு, ஏழு கிலோங்கிறான்."

போன வருஷம் ஒரு மாலை பாக்கியம் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. அண்ணன் அழவில்லை. நேரே ஈப்போ டவுனுக்குப் போய் ஒரு சேலை வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறந்த வீட்டுக் கோடி அது. ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து வந்த புதுச் சேலையை மேலே போட்டுத்தான் அனுப்புவார்கள். பாக்கியத்தின் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்த ஒரு ஆள். "நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கப் போறோம் மாமா, அதுக்குள்ள வந்துருங்க" என்று பாக்கியத்தின் மகன் சொல்லியிருந்தான். மறுநாள் விமானத்தில் இடம் கிடைத்தது. தனியாக விட மனசு கேட்கவில்லை, நானும் டிக்கெட் எடுத்தேன்.

அன்று இரவு ஃப்ளாட்டே துக்கம் கேட்க வந்தது. ஜாக்கெட் ஆணியில் தொங்கியது. பாகான் டத்தோ அக்கா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாப்பட்ட தங்கச்சிண்ணே" என்று விம்மினார். அவர் அழுது முடிக்கட்டும் என்று நான் காப்பி கலக்க உள்ளே போனேன். ஒவ்வொருத்தராக வந்தார்கள், விம்மினார்கள், ஆணிப் பக்கம் போனார்கள். சட்டையைத் தொட்டு வருத்தப்படுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

விடிந்ததும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினோம். அண்ணன் சாயாமல் முன்னால் குனிந்தே வந்தார்.

"என்னமோ கனக்குது தம்பி. சாயவே முடியல."

"இருக்காதாண்ணே. எத்தன வருஷப் பாசம்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திருச்சி கேட்டில் வழக்கம்போலத் தராசு. புதிதாக ஒரு பெண் நின்றாள், நம் தமிழ்ப் பெண்தான். அண்ணன் கையில் பை இல்லை. அவள் ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

"அங்கிள், ஜாக்கெட்ட கழட்டி வைங்க."

"உடுப்புக்கு எட போட மாட்டாங்கம்மா."

"இது உடுப்பு மாதிரி இல்ல அங்கிள். வைங்க."

வைத்தார். தராசு ஏழைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் அதையே பார்த்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் திறந்தார். தைலம் ஆறேழு. குழந்தைக்குச் செருப்பு. ஊறுகாய்ப் பொட்டலம். சலவைத்தூள். முதுகுப் பாக்கெட்டில் பாகான் டத்தோ அக்காவின் பிஸ்கட் டின், மேலே நாத்தனார் மகனின் போன் நம்பரோடு. இழவுக்குப் போகிற மனிதனின் சட்டையில், ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் திணித்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த டின்னைக் காலால் எத்தினேன். அது உருண்டு போய் வரிசையில் நின்ற ஒருவர் காலடியில் நின்றது.

"கூடுதலுக்குக் கட்டணும்னா வெளிய கவுண்டருக்குத்தான் போவணும் அங்கிள். கேட்டு மூடப் போறாங்க" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே அண்ணன் கடைசியாக நெஞ்சுப் பாக்கெட்டிலிருந்து சேலையை எடுத்தார். ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. அவள் பார்த்தாள். வீட்டில் பார்த்திருப்பாள் போல, குரல் இறங்கிவிட்டது.

"யாருக்கு அங்கிள்?"

"தங்கச்சிக்கு. மேல போடுறதுக்கு."

"ஜாக்கெட்ட போட்டுக்குங்க அங்கிள். நான் எடையப் பாக்கல. போங்க."

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அண்ணன் ஜாக்கெட்டை மடித்து, சாமான்களை எல்லாம் அதன் மேல் அடுக்கி, பிஸ்கட் டின்னையும் போய் எடுத்து வந்து வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"ரூல்ஸு ரூல்ஸுதாம்மா. இதெல்லாம் குப்பையில போடு. இதுல என்னுது இந்தச் சேல ஒண்ணுதான்."

வெறும் பனியன் சட்டையோடு, சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவர் இவ்வளவு சிறிய ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்து இடத்தில் உட்கார்ந்தபோது என் விலாவில் எதுவும் குத்தவில்லை. நாலு மணி நேரமும் அது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

திருச்சியில் சக்கரம் தரையைத் தொட்டது. டப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பாக்கெட் அண்ணன் எழுந்து நடுவழியில் நிற்கிறார். விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. பணிப்பெண் ஒலிபெருக்கியில் உட்காரச் சொல்கிறாள். அவர் காதில் விழவில்லை. பின்னாலிருந்து எவனோ, "யோவ் பெருசு, உக்காருய்யா, அப்படி என்னா அவசரம்?" என்று கத்தினான். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"அவரு தங்கச்சி காத்துக்கிட்டு இருக்குலா! வாய மூடிக்கிட்டு வழி விடுங்க!"

விட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். கதவு திறந்தபோது ஒருவரும் எழவில்லை. அண்ணன்தான் முதலில் இறங்கினார்.

வெளியே பாகான் டத்தோ அக்காவின் நாத்தனார் மகன் காரோடு நின்றான். "மலேசியா பார்சல் எங்க?" என்றான். "பார்சல் வரல, ஆளுதான் வந்திருக்கேன். ஏறு, வண்டிய எடு" என்று அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். பையன் மிரண்டுபோய் ஓட்டினான். மூன்று மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். பிறந்த வீட்டுக் கோடி பாக்கியத்தின் மேல் விழுந்தது. அப்புறம்தான் அண்ணன் அழுதார். அந்தப் பையனும் சேர்ந்து அழுதான், பாவம், யாருக்கென்றே தெரியாமல்.

ஈப்போவில் பாகான் டத்தோ அக்கா இன்னும் அந்த பிஸ்கட் டின்னைப் பற்றிப் பேசுகிறார். நான் அவரோடு பேசுவதில்லை.

போன மாதம் நான் திருச்சிக்குக் கிளம்பினேன். பாக்கெட் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"சின்ன பார்சல்தான் தம்பி. பாக்கியத்துக்கு மொதத் தெவசம். படையலுக்குச் சேல."

"நீங்களும் வாங்களேண்ணே."

"யாரப் பாக்க?"

நான் பையை வாங்கிக்கொண்டேன்.

"பிரிச்சுப் பாருங்க. யாரு குடுத்தாலும் பிரிச்சுப் பாக்கணும். எடையும் போட்டுக்குங்கலா, அப்புறம் கேட்டுல நின்னு என்னையத் திட்டக் கூடாது."

"சரிண்ணே" என்றேன். அவர் படியிறங்கும் வரை நின்று பார்த்தேன். என் பை ஏற்கெனவே ஏழு கிலோ. அந்த முறை திருச்சியில் நான் ஒரே சட்டையைத்தான் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டேன்.