பாலத்தடியில் பங்காரம்மா

"குனிங்க! எல்லாரும் குனிங்க!" என்று கத்தினார் லட்சுமணசாமி.

எல்லாரும் குனிந்தார்கள். படகு குனியவில்லை. வாய்க்கால் பாலத்தில் 'ணங்'கென்று முட்டி நின்றது. பங்காரம்மாவின் மடியிலிருந்த தாம்பாளம் கவிழ்ந்து ஆப்பிளும் ஆரஞ்சும் படகெங்கும் உருண்டோடின.

"பாலத்தை அளந்தீங்களா?" என்றாள் பங்காரம்மா, புருஷனைப் பார்த்து.

"அகலத்தை அளந்தேன்."

"உசரத்தை?"

"இங்கிலாந்துல ஆரும் அளக்கல. அவங்கபாட்டுக்குப் போயிட்டே இருந்தாங்க."

இந்த இங்கிலாந்துதான் எல்லாவற்றுக்கும் காரணம். பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்து விற்கும் லட்சுமணசாமி, போன வருஷம் இயந்திரக் கண்காட்சி பார்க்க மான்செஸ்டர் போனார். இயந்திரத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அங்கே வாய்க்காலில் ரயில் பெட்டி மாதிரி நீளமாய், ஒல்லியாய்ப் போகும் படகுகளைப் பார்த்துவிட்டார். வசந்த காலமாம். கரையெல்லாம் பூவாம். வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு அதிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, ஊர் ஊராக மிதந்து போகிறார்களாம். திரும்பி வந்தவர், "தென்னாட்டு மான்செஸ்டர்னு பேர் மட்டும் இருந்தாப் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் பட்டறையில் தகரம் வெட்ட உட்கார்ந்துவிட்டார். படகு தயாரானதும் அதன் மூக்கில் சிவப்பு எழுத்தில் மனைவியின் பெயரை எழுதினார். அவளைக் கேட்கவில்லை.

சரி, செய்தது செய்தார், ஏதாவது குளத்தில் விட்டு ஓட்டிப் பார்த்திருக்கலாம். மனுஷனுக்கு அது போதவில்லை. மகன் கண்ணையாவுக்கு ஆனைமலைப் பக்கம் ராமுலு என்பவரின் பெண்ணைத் தரகர் சொல்லியிருந்தார். ராமுலுவின் தோட்டம் வாய்க்கால் கரையிலேயே இருந்தது. விடுவாரா? "பங்குனி மாசம், அணையில முறை வெச்சுத் தொறக்கற முறைத் தண்ணி வேற விட்டிருக்காங்க. படகுலயே பொண்ணு பார்க்க வாரோமுங்க" என்று, முகம் பார்த்திராத ராமுலுவுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டார். லாரியில் ஏறி வந்த படகு, காலையில் வாய்க்காலில் இறங்கியது.

கண்ணையாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் பேசிய சம்பந்தம், லட்சுமணசாமி தன் புது மாடல் பம்பைப் பெண் வீட்டுக் கூடத்திலேயே ஓட்டிக் காட்டியதில் போனது. பெண்ணின் பெரியம்மா தலையோடு காலாக நனைந்ததுதான் மிச்சம். "இதுவும் போச்சுன்னா நான் சூலூருக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். நீங்களும் உங்க படகும் குடும்பம் நடத்துங்க" என்று பங்காரம்மா புறப்படும்போதே சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமுங்கப்பா" என்றான் கண்ணையா. பட்டுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். "ரிவர்ஸ் எடுங்க. வேற வழியாப் போலாம்."

லட்சுமணசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரிவர்ஸ் இல்லடா. நம்ம பம்புசெட்டு எஞ்சின்தானே இது. பம்பு என்னிக்கு ரிவர்ஸ்ல போயிருக்குது?"

"அப்பத் திருப்புங்க."

"வாய்க்கால் அகலத்தை விடப் படகு நீளம்."

பங்காரம்மா ஆரஞ்சுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்போது பாலத்தின் மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தலையில் சிவப்புத் துண்டு, தோளில் மண்வெட்டி.

"ஏனுங்க, மாட்டிக்கிச்சுங்களா?"

"லேசாத்தானுங்க இடிக்குது. ஒரு ஜாண் தாழ்ந்தாப் போதும்."

"பாரம் ஏத்துனாத் தாழ்ந்துட்டுப் போகுதுங்க. தோப்புல வெட்டுன காய் குமிஞ்சு கெடக்குது. ஏத்தச் சொல்லட்டுங்களா?"

லட்சுமணசாமியின் முகம் பளிச்சென்று ஆனது. "பார்த்தியா பங்காரு! இது எனக்குத் தோணுச்சா?"

தேங்காய் வந்தது. கூடை கூடையாக வந்தது. போதாதென்று காய் சுமந்த ஆண்களும் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். கண்ணையா இடுப்பு வரை தேங்காயில் புதைந்தான். படகு ஒரு ஜாண் தாழ்ந்து, நல்ல பிள்ளையாகப் பாலத்தடியில் நுழைந்தது. கரையில் கைதட்டினார்கள். லட்சுமணசாமி இருட்டுக்குள்ளிருந்தே கையாட்டினார்.

பாதிப் படகு போயிருக்கும். "நில்லுங்க, நில்லுங்க!" என்று சிவப்புத் துண்டுக்காரர் ஓடி வந்தார். "இத்தனை சனம் உள்ள இருந்தா மூச்சு முட்டிப் போகுமுங்க. பொம்பளைங்க வேற. அவங்களை எறக்கி உட்டுருங்க."

"ஆமாமா, பாவம். எல்லாரும் எறங்குங்கம்மா" என்றார் லட்சுமணசாமி. எஞ்சினையும் நிறுத்தினார்.

காய் சுமந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். பாரம் குறைந்ததும் படகு நிம்மதியாக மேலே எழும்பி, பாலத்தின் வயிற்றில் 'கிரீச்'சென்று அழுந்தி உட்கார்ந்துகொண்டது. இனி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மூக்கைப் படித்த யாரோ, "பங்காரம்மா நல்லா மாட்டிக்கிச்சு டோய்!" என்று கூவினார்கள்.

"ஆருடா அவன்?" என்று பாலத்தடியிலிருந்து நிஜப் பங்காரம்மாவின் குரல் கேட்டது. அதன்பிறகு யாரும் கூவவில்லை.

ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். ஊஹும். சிவப்புத் துண்டுக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"ஒண்ணு செய்யலாமுங்க. படகுக்கு ரெண்டு பக்கமும் அடியிலயும் இருக்கற இடுக்கை அடைச்சுப்போட்டா, பின்னால தண்ணி ஏறுமுங்க. ஏறுன தண்ணி படகைப் புடிச்சுத் தள்ளிராதுங்களா?"

"பிரஷர்!" என்று துள்ளிய லட்சுமணசாமியின் தலை பாலத்தில் இடித்தது. "நான் சொல்ல வந்ததும் அதேதானுங்க!"

மண் மூட்டைகள் வந்தன. வாழை மட்டை வந்தது. லட்சுமணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து, தாமே ஒவ்வொரு இடுக்காக அடைத்தார். கடைசி ஓட்டைக்குக் கண்ணையாவின் ஜரிகை அங்கவஸ்திரத்தைப் பிடுங்கித் திணித்தார். சொட்டு ஒழுகவில்லை. "நம்ம பம்புல கூட இத்தனை டைட்டா பேக்கிங் வெச்சதில்லடா!" என்று மகனிடம் பெருமைப்பட்டார்.

தண்ணீர் ஏறியது. படகு அசையவில்லை. தண்ணீர் இன்னும் ஏறி, இடது கரையைத் தாண்டி, வாய்க்கால் தண்ணீர் எட்டாமல் காய்ந்து கிடந்த ஒரு மேட்டுக்காட்டு வயலுக்குள் குபுகுபுவென்று பாய ஆரம்பித்தது.

லட்சுமணசாமி கரைக்குத் தாவி ஏறினார். "ஐயையோ, அது ஆரு காடுங்க? வெள்ளமாப் போகுதே! பொண்ணு பார்க்க வந்த எடத்துல போலீஸ் ஸ்டேசனுக்குப் போக வேண்டியதுதான்!"

"அந்தக் காட்டுக்காரரை நான் சமாளிச்சுக்கறேனுங்க" என்றார் சிவப்புத் துண்டுக்காரர். "நீங்க நல்ல காரியத்துக்குப் போறவங்க. இப்படியே வரப்பு மேல நடங்க. படகை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க தெய்வமுங்க" என்று லட்சுமணசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

மூவரும் நடந்தார்கள். பங்காரம்மாவின் பட்டுச் சேலை முழங்கால் வரை ஈரம். கண்ணையாவின் தலையெல்லாம் தேங்காய் நார். வழி நெடுக வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. "இங்கிலாந்துல கூட இப்படி..." என்று ஆரம்பித்த லட்சுமணசாமி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் பாதி ஓடிவிட்டது. ராமுலுவின் மனைவி லட்சுமியம்மாள், "வாங்க வாங்க, அவரு தோட்டத்துக்குப் போனாரு. இப்ப வந்துருவாருங்க" என்று பாய் விரித்தாள்.

லட்சுமணசாமி உட்காரவில்லை. "அம்மா, நேரம் தவறிப்போச்சு. எல்லாம் என்னோட கிறுக்குத்தனம். எம்பையன் தங்கமுங்க. தண்ணின்னாலே அவனுக்குப் பயம். நான் ஆசைப்பட்டேன்னுதான் படகுல ஏறுனான். என்னைப் பார்த்து அவனை வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க." பங்காரம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சூலூர்க் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்த நேரம் வாசலில் மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் சிவப்புத் துண்டுக்காரர் உள்ளே வந்தார்.

"நீங்களா!"

"நாந்தானுங்க ராமுலு. அங்கயே சொல்லியிருந்தா சம்பந்தி சங்கடப்பட்டிருப்பீங்க. அதான் சொல்லலீங்க." முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "பொண்ணு குடுக்க எங்களுக்குப் பூரண சம்மதமுங்க."

லட்சுமணசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "படகு வாய்க்காலை அடைச்சுட்டு நிக்குதுங்களே. இப்பவே ஆளைக் கூட்டிட்டுப் போயி..."

"அதுக்கென்னங்க அவசரம்? சாப்பிட்டுப்போட்டு, படுத்து எந்திரிச்சு, சாயந்தரமா எடுத்துக்கலாம்."

"இப்படியும் ஒரு மனுசனா!" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார் லட்சுமணசாமி.

மணப்பெண் வசந்தாமணி காப்பித் தட்டோடு வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"ஏன் அம்மணி, எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கோணுமா?" என்றாள் பங்காரம்மா ஆசையாக.

வசந்தாமணி லட்சுமணசாமியிடம் டம்ளரை நீட்டினாள்.

"அடுத்த முறைத் தண்ணிக்கும் படகுலயே வருவீங்களா மாமா? நீங்க போன் பண்ணுன அன்னைக்கே, படகு பாலத்துல மாட்டும்னு அப்பா மண் மூட்டை கட்டி வெச்சுட்டாருங்க, நாலு வருசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் எங்க மேட்டுக்காட்டுக்குத் தண்ணி ஏறுச்சு!"